த்ரெட் கூட்டினால் நிரல் விழுகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

ஒரு கோரில் ஓட்டினால் ஒழுங்காக முடிகிற நிரல், எட்டு கோர் கொடுத்ததும் "செக்மென்டேஷன் ஃபால்ட்" என்ற ஒற்றை வரியோடு விழுகிறது. சில சமயம் விழாமல் அப்படியே நின்றுவிடுகிறது. இன்னும் மோசமானது ஒன்று உண்டு: நிரல் சமர்த்தாக முடிகிறது, விடை மட்டும் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுகிறது. லினக்ஸில் ஃபோர்ட்ரான், சி++ மொழிகளில் ஓபன்எம்பி (வேலையைத் த்ரெட்டுகளுக்கு, அதாவது ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகளுக்கு, பிரித்துக் கொடுக்கும் வசதி) வைத்து எழுதிய நிரல்களுக்கும், பைத்தானில் நம்பை, சைபை வழியாக ஓடும் கணக்குகளுக்கும் இந்த வழிமுறை பொருந்தும். கமாண்டுகளையும் சூழல் மாறிகளையும் இங்கே தமிழெழுத்தில் தந்திருக்கிறோம். டெர்மினலில் சூழல் மாறிகளை ஆங்கிலப் பெரிய எழுத்தில், அடிக்கோட்டையும் (_) சேர்த்து அடிக்கவும்.

த்ரெட் பிழையில் தப்பு நடந்த இடம் ஒன்று, நிரல் விழும் இடம் வேறொன்று. விழுந்த வரியை மட்டும் திருத்திக்கொண்டிருந்தால் பிழை இன்னொரு வரிக்கு நகரும், அவ்வளவுதான். அதனால் முதலில் இது எந்த வகைப் பிழை என்று பிரித்துவிட வேண்டும்.

கோடைத் தொடும் முன்

நிரல் விழுந்த கையோடு "எக்கோ $?" அடித்து வெளியேறும் எண்ணைப் பாருங்கள். 128-ஐக் கழித்தால் வருவது சிக்னல் எண். 139 என்றால் சிக்னல் 11, தனக்கில்லாத நினைவகத்தைத் தொட்டிருக்கிறது. 134 என்றால் சிக்னல் 6, நிரலோ லைப்ரரியோ தானே அபார்ட் ஆகியிருக்கிறது. 137 என்றால் சிக்னல் 9, வெளியிலிருந்து யாரோ கொன்றிருக்கிறார்கள். பெரும்பாலும் நினைவகம் தீர்ந்து கெர்னல் செய்த வேலை. 132 என்றால் அந்த ப்ராசஸருக்குத் தெரியாத கட்டளை. புதிய மெஷினில் கம்பைல் செய்ததைப் பழைய நோடில் (க்ளஸ்டரில் உள்ள ஒரு மெஷின்) ஓட்டியிருப்பீர்கள். அதற்கும் த்ரெட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்து த்ரெட் எண்ணிக்கையை 1, 2, முழு எண்ணிக்கை என்று மாற்றி ஓட்டுங்கள். ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ், ஓபன்பிளாஸ்_நம்_த்ரெட்ஸ், எம்கேஎல்_நம்_த்ரெட்ஸ் (ஓபன்எம்பிக்கும், ஓபன்பிளாஸ், எம்கேஎல் என்ற அணிக்கணித லைப்ரரிகளுக்கும் த்ரெட் எண்ணிக்கை சொல்லும் சூழல் மாறிகள்) மூன்றையும் ஒரேயடியாக 1 ஆக்க வேண்டாம். ஒவ்வொன்றாக மாற்றினால்தான் எந்த அடுக்கில் கோளாறு என்று தெரியும். பைத்தானில் இவற்றை நம்பையை இம்போர்ட் செய்வதற்கு முன்பே வைத்தாக வேண்டும். லைப்ரரி ஏறிய பிறகு வைத்தால் அது கண்டுகொள்ளாது.

ஒரு த்ரெட்டிலும் விழுந்தால் இது சாதாரண நினைவகப் பிழை. ஜிஃபோர்ட்ரானில் -எஃப்செக்=பவுண்ட்ஸ், சி++ இல் அட்ரஸ் சானிட்டைசர் போட்டு அங்கேயே முடித்துவிடுங்கள். இரண்டு த்ரெட்டிலேயே, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விழுந்தால் ஸ்டாக் (ஒவ்வொரு த்ரெட்டும் தன் உள்ளூர் மாறிகளை வைக்கும், வரம்புள்ள நினைவகம்) நிரம்பியிருக்கிறது அல்லது லைப்ரரி மோதல். சில முறை விழுந்து சில முறை பிழைத்தால் ரேஸ், அதாவது பல த்ரெட்டுகள் ஒரே மாறியை ஒத்திசைவின்றித் தொடும் மோதல். 4, 8 எல்லாம் தாண்டி 64-இல் மட்டும் விழுந்தால் ஏதோ ஒரு வரம்பு இடிக்கிறது.

பேக்ட்ரேஸ் (எந்தச் செயற்கூறு எதை அழைத்து அங்கே வந்தது என்ற பட்டியல்) எடுக்க -ஜி சேர்த்துக் கம்பைல் செய்து ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் ஓட்டுங்கள். விழுந்ததும் "த்ரெட் அப்ளை ஆல் பிடி" கொடுங்கள். வெறும் "பிடி" ஒரு த்ரெட்டைத்தான் காட்டும், மற்றவை அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தன என்பதில்தான் துப்பு இருக்கும். பைத்தான் என்றால் -எக்ஸ் ஃபால்ட்ஹேண்ட்லர் சேர்த்து ஓட்டினால் சி லைப்ரரிக்குள் விழுந்தாலும் பைத்தான் வரி எண் கிடைக்கும்.

அறிகுறி: இணைப்பகுதிக்குள் (பல த்ரெட்டுகள் ஒன்றாக ஓடும் பகுதி) நுழைந்ததுமே விழுகிறது, எப்போதும் ஒரே சப்ரூட்டீனின் முதல் வரியில்

இது ஸ்டாக் நிரம்பி வழிவது. ஃபோர்ட்ரான் நிரல்களில் பெரும்பாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதுதான். ஆனாலும் பலர் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

-எஃப்ஓபன்எம்பி கொடுத்ததுமே ஜிஃபோர்ட்ரான் கூடவே -எஃப்ரிகர்சிவ் என்பதையும் எடுத்துக்கொள்கிறது. அதுவரை நிலையான நினைவகத்தில் உட்கார்ந்திருந்த பெரிய உள்ளூர் அரேக்கள் எல்லாம் ஸ்டாக்குக்கு வந்துவிடும். கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, கம்பைல் ஆப்ஷன் மட்டும் மாறியது, நிரல் விழுகிறது என்றால் காரணம் இதுவே.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 512×512 அளவில் ஒரு டபுள் ப்ரிசிஷன் அரே 2 எம்பி. நான்கு அரே என்றால் 8 எம்பி. பெரும்பாலான லினக்ஸ் மெஷின்களில் ஸ்டாக் வரம்பே 8 எம்பிதான். நான்காவது அரேயிலேயே கதை முடிந்தது. பிரைவேட் என்று அறிவித்த அரே, ரிடக்‌ஷனில் கொடுத்த அரே ஆகியவற்றுக்கும் ஒவ்வொரு த்ரெட்டின் ஸ்டாக்கிலும் தனிப் பிரதி உண்டு; அவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இங்கே எல்லோரும் சொல்லும் மருந்து "யூலிமிட் -எஸ் அன்லிமிடெட்". அதை மட்டும் செய்தால் நிலைமை இன்னும் மோசமாகலாம். லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி, நிரல் தொடங்கும்போது இருக்கும் ஸ்டாக் வரம்பைத்தான் புதிய த்ரெட்டுகளின் ஸ்டாக் அளவாக எடுத்துக்கொள்கிறது. வரம்பு "அன்லிமிடெட்" என்றால் அதை அளவாக வைக்க முடியாது. அதனால் 64-பிட் இன்டெல், ஏஎம்டி மெஷின்களில் 2 எம்பி என்று வைத்துவிடுகிறது. அதாவது மெயின் த்ரெட்டுக்கு எல்லையே இல்லை, மற்ற த்ரெட்டுகளுக்கு 8 எம்பி இருந்தது 2 எம்பியாகச் சுருங்குகிறது. மேலே சொன்ன ஒரே ஒரு அரேயே அதை நிரப்பிவிடும்.

செய்ய வேண்டியது இரண்டு, இரண்டும் சேர்த்து. மெயின் த்ரெட்டுக்கு யூலிமிட். மற்ற த்ரெட்டுகளுக்கு ஓஎம்பி_ஸ்டாக்சைஸ்=64எம். ஒன்று இன்னொன்றைத் தொடாது. கடைசியில் அந்த "எம்" விட்டுப்போகக் கூடாது. அலகு இல்லாத எண்ணைக் கிலோபைட் என்று எடுத்துக்கொள்ளும், வெறும் 64 என்றால் 64 கேபிதான் கிடைக்கும். 64 எம்பி வீதம் 64 த்ரெட்டுக்கு 4 ஜிபி ஆகிறதே என்று பயப்பட வேண்டாம். அது முகவரி இடம் மட்டுமே, தொட்ட பக்கங்களுக்குத்தான் உண்மையான ராம் செலவாகும். ஆனால் க்ளஸ்டரில் யூலிமிட் -வி வரம்பு போட்டிருந்தால் அந்த முகவரி இடமும் கணக்கில் வரும், த்ரெட் உருவாகாமலே போகலாம்.

64 எம்பி கொடுத்ததும் விழுவது நின்றால் நோய் உறுதி. ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். பெரிய அரேக்களை அலொகேட்டபிள் ஆக்கி ஹீப்புக்கு (ஸ்டாக் வரம்புக்கு உட்படாத பொது நினைவகம்) மாற்றுவதே நிரந்தரத் தீர்வு. நாளை கிரிட் அளவை இரட்டிப்பாக்கும்போது 64 எம்பியும் போதாது. கோடு உங்களுடையது இல்லை, கம்பைலர் இன்டெல்லுடையது என்றால் -ஹீப்-அரேஸ் என்ற ஆப்ஷன் அதே வேலையின் பெரும்பகுதியைச் செய்துவிடும்.

ஜிடிபியிலேயே உறுதி செய்ய விரும்பினால் விழுந்த கட்டளையைப் பாருங்கள். ஸ்டாக் பாயின்டரை ஒட்டிய முகவரியில் எழுதப் போய் மாட்டியிருக்கும். மாறிகளின் மதிப்பு எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரிந்தும் விழுந்திருக்கிறதே என்று குழம்புவது இந்த வகையில்தான்.

அறிகுறி: "ஓஎம்பி எரர் #15", லிப்ஐஓஎம்பி5 ஏற்கெனவே தொடங்கப்பட்டுவிட்டது என்ற செய்தி

ஒரே ப்ராசஸுக்குள் ஓபன்எம்பி ரன்டைம் இரண்டு முறை ஏறியிருக்கிறது. நம்பை ஒரு வழியாகவும் பைடார்ச் இன்னொரு வழியாகவும் நிறுவியிருந்தால், இரண்டும் தன் தன் பிரதியைச் சுமந்துகொண்டு வரும். கோண்டாவையும் பிப்பையும் ஒரே சூழலில் கலந்தவர்களுக்கு இது அடிக்கடி நேரும்.

கேஎம்பி_டூப்ளிகேட்_லிப்_ஓகே=ட்ரூ என்று வைத்தால் செய்தி போய்விடும். தயவுசெய்து அதைத் தீர்வாக நினைக்காதீர்கள். அந்தப் பிழைச் செய்தியே, இது பாதுகாப்பற்றது, நிரல் விழலாம், சத்தமில்லாமல் தவறான விடை வரலாம் என்று சொல்கிறது. ஆய்வுக் கட்டுரைக்குப் போகும் எண்களை அந்த நிலையில் ஓட்டி எடுக்கக் கூடாது.

எந்த லைப்ரரி எங்கிருந்து ஏறுகிறது என்று பார்க்க த்ரெட்பூல்சிடிஎல் என்ற பைத்தான் பேக்கேஜ் இருக்கிறது. "பைத்தான் -எம் த்ரெட்பூல்சிடிஎல் -ஐ நம்பை" என்று கொடுத்தால் ஏறியிருக்கும் பிளாஸ் (அணிக்கணித லைப்ரரி), ஓபன்எம்பி லைப்ரரிகளின் பாதை, பதிப்பு, த்ரெட் எண்ணிக்கை எல்லாம் வரும். நம்பையோடு நீங்கள் இம்போர்ட் செய்யும் மற்ற பேக்கேஜ்களையும் சேர்த்துக் கொடுங்கள். இரண்டு வேறு பாதைகளில் ஓபன்எம்பி தெரிந்தால் அந்தச் சூழலை ஒட்டுப்போட முயலாமல் புதிதாக உருவாக்குங்கள். எல்லா எண்கணித பேக்கேஜ்களையும் ஒரே சேனலில் இருந்து, ஒரே கமாண்டில் நிறுவுங்கள்.

பைத்தான் இல்லாத நிரலில் எல்டிடி கமாண்டிலேயே ஜிஎன்யூவின் லிப்காம்ப், இன்டெல்லின் லிப்ஐஓஎம்பி5 என்ற ஓபன்எம்பி ரன்டைம்கள் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறதா பாருங்கள். இந்த இரண்டும் கலந்தால் எந்தச் செய்தியும் வராது; இரண்டு தனித்தனி த்ரெட் கூட்டங்கள் ஓடும். எம்கேஎல்லை ஜிஃபோர்ட்ரானோடு இணைப்பவர்கள் ஜிஎன்யூ த்ரெட் அடுக்கைத் தேர்ந்து இணைக்க வேண்டும்.

அறிகுறி: "பிளாஸ்_த்ரெட்_இனிட்: பிதிரெட்_கிரியேட் ஃபெயில்ட்"

ஓபன்பிளாஸ் சொல்லும் செய்தி இது. இம்போர்ட் வரியிலேயே வரும். லைப்ரரி ஏறும்போதே, தன் பில்டின் உச்சவரம்புக்குள், கோருக்கு ஒன்றாக த்ரெட் உருவாக்கப் பார்க்கிறது. 64 கோர் உள்ள லாகின் நோடில் உங்கள் கணக்குக்கு அவ்வளவு அனுமதி இருக்காது. யூலிமிட் -யூ எவ்வளவு என்று பாருங்கள். அந்த எண் ஒரு ப்ராசஸுக்கு இல்லை, அந்த மெஷினில் உங்கள் கணக்கில் ஓடும் எல்லா ப்ராசஸும் த்ரெட்டும் சேர்த்து. கன்டெய்னர் என்றால் அதற்கென்று பிஐடி (ப்ராசஸ் எண்) வரம்பும் தனியாக இருக்கும். ஓபன்பிளாஸ்_நம்_த்ரெட்ஸ்=4 போதும், உடனே சரியாகும்.

"டூ மெனி மெமரி ரீஜன்ஸ்" என்று சொல்லி முடித்துக்கொண்டால் அது இதன் தம்பி. உங்கள் நிரலின் பல த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் ஓபன்பிளாஸை அழைக்கின்றன, அது கம்பைல் ஆனபோது வைத்த த்ரெட் உச்சவரம்பு போதவில்லை. வெளியே இணையாக்கினால் உள்ளே பிளாஸை ஒரு த்ரெட்டில் வையுங்கள். "திஸ் அப்ளிகேஷன் மே ஹேங்" என்ற எச்சரிக்கை வந்தால் யூஸ்_ஓபன்எம்பி=1 வைத்துக் கம்பைல் செய்த ஓபன்பிளாஸ் வேண்டும்; அந்த எச்சரிக்கையைச் சாதாரணமாக விடாதீர்கள்.

அறிகுறி: விழவில்லை, நின்றுவிடுகிறது

டாப் கமாண்டில் சிபியூ எவ்வளவு என்று பாருங்கள். சுழியம் என்றால் ஒன்று, நூற்றுக்கணக்கில் என்றால் வேறு.

சிபியூ சுழியத்தில் நிற்கும் பைத்தான் நிரலில் மல்டிப்ராசஸிங் இருக்கிறதா என்று தேடுங்கள். ஃபோர்க் செய்யும்போது, அதாவது ப்ராசஸைப் பிரதியெடுக்கும்போது, தாய் ப்ராசஸின் நினைவகம் முழுவதும் குழந்தைக்கு வருகிறது, ஆனால் ஃபோர்க்கை அழைத்த அந்த ஒரு த்ரெட் மட்டுமே கூட வருகிறது. தாய் ஏற்கெனவே ஓபன்எம்பி த்ரெட்டுகளை உருவாக்கியிருந்தால், குழந்தையின் நினைவகத்தில் அவை இருப்பதாகக் குறிப்பு இருக்கும், ஆள் இருக்காது. லிப்காம்ப் அவர்களுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். வேறு த்ரெட் பிடித்திருந்த லாக்கும் அப்படியே பூட்டியபடி வரும். திறக்க யாரும் இல்லை.

லினக்ஸில் பைத்தான் 3.13 வரை ஃபோர்க்தான் இயல்பு, 3.14-இல் ஃபோர்க்சர்வர் ஆகிவிட்டது. 3.12 முதல், த்ரெட்டுகள் ஓடும்போது ஃபோர்க் செய்தால் எச்சரிக்கை வருகிறது. பழைய பதிப்பில் செட்_ஸ்டார்ட்_மெத்தட் வழியாக "ஸ்பான்" என்று மாற்றுங்கள், கூடவே மெயின் பாதுகாப்பு வரியையும் (இஃப் __நேம்__ == "__மெயின்__") சேருங்கள். அது இல்லாவிட்டால் குழந்தை ப்ராசஸ் மொத்த நிரலையும் மறுபடி ஓட்டப் பார்த்துப் பிழையில் முடியும். எங்கே நிற்கிறது என்று பார்க்க பைஸ்பை கருவியின் டம்ப் கமாண்டை --நேட்டிவ் சேர்த்து அந்த ப்ராசஸ் எண்ணுக்குக் கொடுங்கள். நிரலைக் கொல்லாமலே ஸ்டாக்கைக் காட்டும்.

சிபியூ கொதிக்கிறது, வேலை நகரவில்லை என்றால் பெருக்கல் கணக்கைப் பாருங்கள். 16 ப்ராசஸ், ஒவ்வொன்றிலும் பிளாஸ் 16 த்ரெட், மொத்தம் 256 த்ரெட்டுகள் 16 கோருக்கு அடித்துக்கொள்ளும். நிற்பது போலத் தெரியும், உண்மையில் நூறு மடங்குகூட மெதுவாகி ஓடிக்கொண்டிருக்கலாம். ஸ்லர்மில் (க்ளஸ்டரில் வேலைகளுக்கு இடம் ஒதுக்கும் மென்பொருள்) --சிபியூஸ்-பெர்-டாஸ்க் என்ன கொடுத்தீர்களோ அதையே ஓஎம்பி_நம்_த்ரெட்ஸுக்கும் கொடுங்கள். பைத்தானின் ஓஎஸ்.சிபியூ_கவுன்ட் நோடின் எல்லாக் கோர்களையும் சொல்லும், உங்களுக்கு ஒதுக்கியதை அல்ல. லினக்ஸில் ஷெட்_கெட்அஃபினிட்டி தரும் பட்டியலின் நீளத்தைப் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: பத்து முறை ஓட்டினால் மூன்று முறை விழுகிறது, அல்லது விடை மாறுகிறது

முதலில் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். டபுள் ப்ரிசிஷனில் 15ஆவது, 16ஆவது இலக்கம் ஆடினால் அது பிழை இல்லை. மிதவைப் புள்ளிக் கூட்டலில் வரிசை மாறினால் கடைசி இலக்கம் மாறும், த்ரெட்டுகள் வரிசையை மாற்றுகின்றன. நான்காவது இலக்கம் ஆடுகிறது, நேன் (எண் அல்லாத மதிப்பு) வருகிறது என்றால் ரேஸ்தான். இரண்டுக்கும் நடுவில் இருந்தால், கணக்கே சிறு மாற்றத்தைப் பெருக்கும் தன்மையுடையதா என்று பார்க்க ஒரு த்ரெட்டிலேயே உள்ளீட்டின் கடைசி இலக்கத்தை மாற்றி ஓட்டிப் பாருங்கள்.

ரேஸ் ஒளிந்திருக்கும் இடங்கள் சில.

ஃபோர்ட்ரானில் அறிவிக்கும்போதே மதிப்புக் கொடுத்த உள்ளூர் மாறி. "இன்டிஜர் :: கவுன்ட் = 0" என்று சப்ரூட்டீனுக்குள் எழுதினால் ஒவ்வொரு அழைப்பிலும் சுழியத்தில் தொடங்கும் என்று தோன்றும். அப்படி இல்லை. அந்த மாறி தானாகவே சேவ் தன்மை பெறுகிறது, எல்லா அழைப்புக்கும் எல்லா த்ரெட்டுக்கும் ஒரே பிரதி. கோடைக் கண்ணால் பார்த்தால் ஒரு தப்பும் தெரியாது. அறிவிப்பை ஒரு வரியாகவும் சுழியம் கொடுப்பதை அடுத்த வரியாகவும் பிரித்தால் சரியாகிவிடும். பழைய கோடில் காமன் பிளாக்குகளுக்கும் இதே கதி. அவற்றை த்ரெட்பிரைவேட் ஆக்க வேண்டும்.

சி++ இல் பல த்ரெட்டுகள் ஒரே வெக்டரில் புஷ்_பேக் செய்வது. இடம் போதாமல் வெக்டர் புது நினைவகத்துக்கு நகரும் அந்த நொடியில் இன்னொரு த்ரெட் பழைய இடத்தில் எழுதிக்கொண்டிருக்கும். விழுவது அங்கே இருக்காது, பிறகு எங்கோ ஃப்ரீ செய்யும்போது இருக்கும்.

ஃபூரியர் மாற்ற லைப்ரரியான எஃப்எஃப்டிடபிள்யூவில் எக்ஸிக்யூட் வகை அழைப்புகளைத்தான் பல த்ரெட்டுகளில் ஒன்றாக அழைக்கலாம். ப்ளான் உருவாக்குவதும் அழிப்பதும் கூடாது. இணைப்பகுதிக்கு வெளியே ப்ளானை உருவாக்கிவிடுங்கள். முடியாவிட்டால் 3.3.5 பதிப்பு முதல் மேக்_ப்ளானர்_த்ரெட்_சேஃப் என்ற அழைப்பு இருக்கிறது.

தரவுக் கோப்பு லைப்ரரியான எச்டிஎஃப்5 சாதாரணமாக த்ரெட்டுக்குப் பாதுகாப்பாகக் கம்பைல் ஆவதில்லை. அதற்கான ஆப்ஷனோடு கம்பைல் செய்தாலும் ஒரு பெரிய லாக்கில் எல்லாவற்றையும் வரிசைப்படுத்துகிறது. நெட்சிடிஎஃப் சி லைப்ரரிக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. கோப்புப் படிப்பதை ஒரு லாக்குக்குள் வையுங்கள் அல்லது ப்ராசஸ்களாகப் பிரியுங்கள். படிப்பதுதானே, எழுதவில்லையே என்ற சமாதானம் இங்கே செல்லாது. படிக்கும்போதும் லைப்ரரி தன் உள்பட்டியல்களை மாற்றுகிறது.

கருவி என்றால் த்ரெட் சானிட்டைசர். -எஃப்சானிடைஸ்=த்ரெட், கூடவே -ஜி, -ஓ1. நிரல் 5 முதல் 15 மடங்கு மெதுவாகும், நினைவகம் 5 முதல் 10 மடங்கு பிடிக்கும், எனவே சிறிய உள்ளீட்டில் ஓட்டுங்கள். ஜிசிசியோடு ஓட்டினால் பொய் எச்சரிக்கைகள் குவியும். லிப்காம்புக்குள் நடக்கும் ஒத்திசைவு சானிட்டைசருக்குத் தெரியாது. சி++ நிரலை கிளாங் கம்பைலரில், ஓபன்எம்பியின் ஒத்திசைவைச் சானிட்டைசருக்குச் சொல்லும் ஆர்ச்சர் துணையோடு ஓட்டுவதே நல்லது. அது எல்எல்விஎம் ஓபன்எம்பி ரன்டைமோடு வருகிறது.

கருவி கிடைக்காத இடத்தில் டிஃபால்ட்(நன்) சேருங்கள். ஒவ்வொரு மாறியும் பகிர்வதா தனியா என்று நீங்களே எழுதும்வரை கம்பைலர் விடாது. பாதி ரேஸ்கள் அதை எழுதும்போதே கண்ணில் படும். பிறகு சந்தேகப்படும் பகுதியை கிரிட்டிகல் பிளாக்குக்குள் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே நுழையும் பகுதி) போட்டு, விழுவது நின்றால் அந்தப் பிளாக்கைப் பாதியாக்கிப் பாதியாக்கிச் சுருக்குங்கள். பிரின்ட் வரி சேர்த்துத் தேட வேண்டாம். அது த்ரெட்டுகளின் வேகத்தை மாற்றி ரேஸை மறைத்துவிடும். மாறாக, கோர் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கு த்ரெட்டும் ஷெட்யூல்(டைனமிக்,1)-உம் வைத்து ஓட்டினால் அபூர்வமாக விழுவது அடிக்கடி விழத் தொடங்கும்.

அறிகுறி: 134, "டெர்மினேட் கால்ட்"

சி++ இல் இணைப்பகுதிக்குள் எறிந்த எக்ஸெப்ஷனை, அதே பகுதிக்குள் அதே த்ரெட்டே பிடித்தாக வேண்டும். வெளியே இருக்கும் ட்ரை பிளாக் உதவாது. உள்ளேயே பிடித்து, எக்ஸெப்ஷன்_பிடிஆரில் வைத்து, பகுதி முடிந்ததும் மறுபடி எறியுங்கள்.

அறிகுறி: 137, த்ரெட் கூடக்கூட சீக்கிரம் சாகிறது

டிமெஸ்கில் கெர்னலின் கொலைச் செய்தி இருக்கும். க்ளஸ்டரில் சாக்ட் கமாண்ட் "அவுட் ஆஃப் மெமரி" என்று சொல்லும். ஒரு த்ரெட்டுக்கு எவ்வளவு வேலையிடம் என்று பாருங்கள்: 500 எம்பி தனிப் பிரதி 32 த்ரெட்டில் 16 ஜிபி. அந்தக் கணக்குக்கும் மேல் போனால் ஜிலிப்சியின் அரீனாக்களை (த்ரெட்டுகளுக்காக அது வைத்திருக்கும் நினைவகத் தொகுதிகள்) சந்தேகியுங்கள். 64-பிட்டில் கோர் எண்ணிக்கையைப் போல 8 மடங்கு வரை அது உருவாக்கும். மல்லாக்_அரீனா_மேக்ஸ்=4 வைத்து ஒப்பிடுங்கள்.

அறிகுறி: ஆர் மொழியில் "சி ஸ்டாக் யூசேஜ்" பிழை

ஆர்சிபிபி (ஆர் மொழியோடு சி++ சேர்க்கும் பேக்கேஜ்) கோடில் ஓபன்எம்பி லூப்புக்குள் இருந்து ஆர் செயற்கூற்றை அழைத்திருக்கிறீர்கள். ஆர் மொழியின் உள்அழைப்புகள் மெயின் த்ரெட்டுக்கு மட்டுமே. தரவை முன்பே சாதாரண சி++ வெக்டருக்கு எடுத்துவிடுங்கள். லூப்புக்குள் ஆர் பொருள் எதுவும் உருவாகக் கூடாது.

லைப்ரரியிலேயே பிழை என்று முடிவானால்

அனுப்பும் முன் எடுத்துவைக்க வேண்டியவை: எல்லா த்ரெட்டுகளின் பேக்ட்ரேஸ், த்ரெட்பூல்சிடிஎல் காட்டியது, எல்எஸ்சிபியூ காட்டியது, யூலிமிட் -ஏ, ஓஎம்பி_டிஸ்ப்ளே_என்வ்=ட்ரூ வைத்து ஓட்டியபோது தொடக்கத்தில் வந்த வரிகள், எத்தனை த்ரெட்டில் எத்தனை முறைக்கு எத்தனை முறை விழுகிறது என்ற கணக்கு. கடைசியாகச் சொன்ன கணக்கு இல்லாமல் அனுப்பினால், பார்ப்பவர் ஒரு முறை ஓட்டி, விழவில்லையே என்று மூடிவிடுவார்.